“ரெண்டு வருஷம் என்னப்பா பண்ணின?”

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு தனியார் ஐடிஐயில் இரண்டு வருடம் ஃபிட்டர் படித்து, நல்ல மார்க்கோடு சான்றிதழும் வாங்கிவிட்டான். அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். நான் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். அவனுக்குக் கட்டணம் கட்டியது நான்தான். படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மூன்று கம்பெனிகளுக்கு நேர்முகத்துக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான். கடைசியாகப் போனது கடலூர் சிப்காட். அங்கே வெர்னியரைக் கையில் கொடுத்து ஒரு இரும்புத் துண்டை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவனுக்குத் தெரியவில்லை. “ரெண்டு வருஷம் என்னப்பா பண்ணின?” என்று அந்த மேலாளர் கேட்டாராம். அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே போவதில்லை, என்னிடம்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது தெரிந்தவர் ஒருவர், சென்னையில் மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது, 65,000 ரூபாய், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்கிறார். என் செயினை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தப்பு அவன் மேலா, அவன் படித்த இடத்தின் மேலா?

- நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செயின் கழுத்திலேயே இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் அடகுக்கடைக்குக் கிளம்பிவிடப் போகிறீர்களே என்றுதான் இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

அந்த மேலாளரை மனதுக்குள் திட்டியிருப்பீர்கள். ஓய்வு பெறாமல் இருந்திருந்தால் அது நானாகவே இருந்திருக்கலாம். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 17 வருடம் இருந்தேன். ஃபிட்டர் வேலைக்கு வரும் பையன்களைச் சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு முன்னால் 11 வருடம் ஐடிஐ பயிற்றுநர். பையன்களை அனுப்பிவைத்த பக்கமும் எனக்குத் தெரியும், திருப்பி அனுப்பிய பக்கமும் தெரியும்.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்றுநராகச் சேர்ந்த முதல் இடத்தில் ஒரு பிரிவுக்கு இருபது பையன்கள், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வேலை செய்யும் நிலையில் ஏழு. இரும்புப் பட்டை வருடத்துக்கு ஒரு தடவை வரும், அதுவும் ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான். இரும்பு அறுக்கும் ஹேக்ஸா பிளேடு உடைந்தால் பையன் கைக்காசில் வாங்கி வர வேண்டும். ஆனால் ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பயிற்சியும் இருக்கும். சதுரம், அறுகோணம், ஆண்-பெண் பொருத்தம், புறாவால் பொருத்தம் என்று பென்சில் சீவிச் சீவி அழகாக வரைந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து, பக்கத்தில் மார்க். செய்யாத வேலைக்கு மார்க். மேலே இருந்தவர்கள் கேட்டார்கள், நானும் போட்டேன். எனக்கும் அப்போது புதுக் குடும்பம், புது வாடகை வீடு.

பல வருடம் கழித்து அதே பையன்களில் ஒருவன் தொழிற்சாலை வாசலில் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். எட்டரை மில்லிமீட்டர் டிரில் எதற்கு என்று கேட்டேன். பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கான எம் 10 மரை போடுவதற்கு முன்னால் அந்த அளவில்தான் துளை போட வேண்டும். ஃபிட்டருக்கு அது பல் தேய்ப்பது மாதிரி. அவன் விழித்தான். நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன்: ரெண்டு வருஷம் என்னப்பா பண்ணின? அவன் சத்தமே போடாமல் சொன்னான், “சார், நீங்கதானே சைன் போட்டீங்க.”

அந்தப் பையனை வேலைக்கு எடுத்தேனா என்று நண்பர்கள் கேட்பார்கள். எடுக்கவில்லை. அப்புறம் பல நாள் தூங்கவும் இல்லை.

இனி உங்கள் தம்பியின் கணக்கைப் பார்ப்போம். இப்போதைய பாடத்திட்டப்படி ஐடிஐயில் ஒரு வருடத்துக்கு 1,200 மணி நேரப் பயிற்சி. அதில் 840 மணி நேரம் செய்முறை. ஃபிட்டருக்கு இரண்டு வருடம், ஆகவே செய்முறை மட்டும் 1,680 மணி நேரம். இது தாளில் உள்ள கணக்கு. இருபது பேருக்கு ஐந்து வைஸ் என்றால் இதில் கால்வாசிதான் ஒருவன் கைக்கு வரும், 420. கரண்ட் இல்லாத நாள், பிளேடு இல்லாத நாள், சார் வேறு வேலை கிடைத்துப் போய்ப் புது சார் வராத இரண்டு மாதம், வைகாசித் தேர், மாசி மகம் எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அவனிடமே கேளுங்கள். திட்டுவதற்காக வேண்டாம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை ஈடுகட்ட வேண்டும் என்பது தெரியும்.

சரி, அப்படியானால் நல்ல மார்க் எப்படி வந்தது? தொழில் பாடத் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கிறது, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதில் தேற 33 சதவீதம் போதும். செய்முறைக்கும், வருடம் முழுக்க நிறுவனமே போடும் உள்மதிப்பீட்டுக்கும் 60 வேண்டும். கேள்வி வங்கியை உருப்போட்டால் முதலாவது வந்துவிடும். இரண்டாவது, பயிற்றுநரின் பேனா எவ்வளவு நேர்மையானது என்பதைப் பொறுத்தது. என் பேனாவைப் பற்றித்தான் மேலேயே சொல்லிவிட்டேனே. உங்கள் தம்பி ஏமாற்றினான் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு வைத்த தேர்வு, வேலை தெரியுமா என்று பார்க்கும் தேர்வாக இருக்கவில்லை என்கிறேன்.

அந்த மேலாளர் ஏன் வெர்னியரைக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வெர்னியர் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மேல் அளவுகோலில் 49 மில்லிமீட்டர் இருக்கும் தூரத்தைக் கீழே 50 பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகத்துக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் 0.02. கீழே எத்தனையாவது கோடு மேல் கோடு ஒன்றோடு நேராக நிற்கிறது என்று பார்த்து, அதை 0.02 ஆல் பெருக்கி, மேல் அளவுகோல் காட்டும் முழு மில்லிமீட்டரோடு கூட்டிக்கொண்டால் முடிந்தது. அரை மணி நேரத்தில் உங்களுக்கே சொல்லிக்கொடுத்துவிடுவேன், தினமும் பில் போடுகிறவர், கூட்டல் தப்பாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போலத்தான் அவர் வெர்னியரைக் கொடுத்தார். அதைப் பிடிக்கும் விதத்திலேயே பையன் பட்டறையில் நின்றவனா, வெளியே வேடிக்கை பார்த்தவனா என்று தெரிந்துவிடும். தாடையைத் துடைத்துவிட்டு, மூடிப் பார்த்துப் பூஜ்ஜியம் சரியா என்று கவனித்த பிறகு அளப்பவனை அந்த இடத்திலேயே பாதி எடுத்துக்கொள்வோம். அவன் சொல்லும் விடை கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை.

தொழிற்சாலை எதற்குப் பயப்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் குளிர்விப்புத் தண்ணீர் பம்பு ஒன்றில் கிளாண்ட், அதாவது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் இடம், ஒழுகிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், நல்ல மார்க் வாங்கியவன்தான், ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினான். ஒழுகல் நின்றது. பெருமையோடு வந்து சொன்னான். ஒரு மணி நேரத்தில் கிளாண்டிலிருந்து புகை. உள்ளே இருக்கும் பேக்கிங் என்ற அடைப்பு வளையங்கள் கருகி, ஷாஃப்டின் மேல் இருக்கும் ஸ்லீவ் என்ற உறையில் கோடு கோடாகத் தேய்ந்துவிட்டது. பம்பைக் கழற்றி ஸ்லீவ் மாற்ற ஒன்றரை நாள் ஆனது. கசிவைத் தடுக்கத்தான் பேக்கிங் என்று புத்தகத்தில் இருக்கிறது, அதைத்தான் அவன் செய்தான். தண்ணீர் பம்பின் கிளாண்ட் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. வளையங்களைத் தனித்தனியாக வெட்டி, வெட்டு வாய் ஒன்றன்மேல் ஒன்று வராமல் திருப்பித் திருப்பி வைத்து, நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, பம்பை ஓடவிட்டு, சொட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். இதைப் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்தவன் சாகும்வரை மறக்க மாட்டான். பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தாலும் பார்க்காதவனுக்கு வராது.

அது தண்ணீர், அதனால் ஒரு ஸ்லீவோடு போயிற்று. அதே வளாகத்தில் அமிலக் குழாய்களும் இருக்கின்றன. இரண்டு குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சின் போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்காமல், வரிசையாக ஒரு பக்கமிருந்து இறுக்கிக்கொண்டே வந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்பு ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் பிளக்கும். பர்மிட் என்ற வேலை அனுமதிச் சீட்டு வாங்காமல் குழாயில் கை வைக்கக் கூடாது என்பது தெரியாத ஒருவனை உள்ளே விட்டால், அவன் உயிருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவன் உயிருக்கும் ஆபத்து. அந்த மேலாளரின் கேள்வி கொஞ்சம் கடுமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தம்பியைத் திருப்பி அனுப்பியது தப்பில்லை.

இப்போது என்ன செய்யலாம்? நான் சொல்வது ஒன்றுதான்: இன்னொரு சான்றிதழ் வேண்டாம், அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அனுப்புங்கள். தொழிற்பழகுநர் என்று அரசுத் தாள்களில் இருக்கும். 1961-ஆம் வருடச் சட்டம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன் ஆள் எண்ணிக்கையில் குறைந்தது 2.5 சதவீதம் அளவுக்கு அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும், 15 சதவீதம் வரை எடுக்கலாம். ஐடிஐ ஃபிட்டர் முடித்தவனுக்கு ஒரு வருடம். இதில் நீங்கள் பணம் கட்டுவதில்லை, அவர்கள்தான் தர வேண்டும். 2019-இல் திருத்திய விதிகளின்படி ஐடிஐ முடித்தவனுக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 65,000 கட்டுவதற்கும் வருடத்துக்கு 84,000 வாங்குவதற்கும் நடுவில் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. சம்பளம் என்று பார்த்தால் இது சொற்பம்தான். நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போக அவன் வீட்டுக்கு அதிகம் கொண்டுவர மாட்டான். அந்த ஒரு வருடம் இன்னும் நீங்கள்தான் தாங்க வேண்டியிருக்கும், அதைத் தெரிந்தே இறங்குங்கள்.

எங்கே தேடுவது? பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. என்எல்சி வருடந்தோறும் ஐடிஐ முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறது, அறிவிப்பு வரும்போது விடாதீர்கள். ரயில்வேயில் திருச்சி பொன்மலைப் பணிமனை, பெரம்பூர், ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப். ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள், இது பலருக்குத் தெரிவதில்லை. சிப்காட்டிலும், புதுச்சேரிப் பக்கம் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளிலும் ஏறி இறங்கிக் கேட்கலாம். அதைவிடச் சுலபம், கடலூர் அரசு ஐடிஐயில் அப்ரண்டிஸ் சேர்க்கை முகாம் அடுத்து எப்போது என்று நேரில் போய்க் கேட்பது. கம்பெனிக்காரர்களே அங்கு வருவார்கள். அதற்கு முன் அவன் பெயரை மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்துவிட வேண்டும். ஆதார், ஐடிஐ சான்றிதழ், வங்கிக் கணக்கு, மெயில் முகவரி இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகி, அவனும் கம்பெனியும் கையெழுத்திட்டால்தான் அவன் அப்ரண்டிஸ். “டிரெய்னியா வெச்சுக்கறோம், அப்புறம் பாத்துக்கலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அது ஹெல்பர் வேலை. வருடக் கடைசியில் அவன் கையில் எந்தத் தாளும் இருக்காது. ஒப்பந்தம் பதிவானவன் கடைசியில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்குவான். ஐடிஐ சான்றிதழ் இருக்கும் ஆயிரம் பேரில் இதுவும் சேர்ந்து இருப்பவர்கள் குறைவு என்பதால் ஆளெடுக்கும் மேசையில் அதற்குத் தனி மரியாதை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்ரண்டிஸ் முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. அப்ரண்டிஸ்களைப் பெட்டி கட்டவும் தரை கூட்டவும் வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன, பார்த்திருக்கிறேன். அதனால் சேருவதற்கு முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு பையனை டீக்கடையில் பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள்: யார் கூட நிற்கிறாய், நேற்று என்ன கழற்றினாய்? “மணி அண்ணன்கூட, நேத்து கியர்பாக்ஸ் பிரிச்சோம்” என்கிற மாதிரி பதில் வந்தால் சேரலாம். பெயர் சொல்ல ஒரு மூத்த ஃபிட்டர் இல்லாத இடத்தில் பயிற்சியும் இருக்காது. என் அனுபவத்தில் பயிற்சியின் தரம் என்று நான் கண்டது இவ்வளவுதான்: பையன் கையில் கருவி, பக்கத்தில் தப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு ஆள், தப்புச் செய்து பார்க்க இரும்பு. இந்த மூன்றும் எத்தனை மணி நேரம் ஒன்றாக இருந்தன என்று மட்டும் கேளுங்கள். கட்டடம், ஏசி வகுப்பு, சுவரில் மாட்டிய சான்றிதழ் எதையும் பார்க்க வேண்டாம்.

இதே அளவுகோலைச் சென்னைப் பயிற்சிக்கும் வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் அவன் எந்த இயந்திரத்தில் எத்தனை மணி நேரம் தனியாக வேலை செய்வான்? சான்றிதழ் யார் தருகிறார்கள்? போன வருடம் முடித்த ஐந்து பேரின் போன் நம்பர் தருவார்களா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுதிக் கொடுப்பார்களா? நூறு சதவீத உத்தரவாதம் என்று சொன்ன சிலரிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். “எழுதிக் கொடுக்கிறது வழக்கம் இல்லைங்க” என்றார்கள். கிடைத்த வேலையும் பெரும்பாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காண்ட்ராக்டில் லைனில் நிற்பது. அந்த வேலைக்கு அவனிடம் ஏற்கெனவே இருக்கும் சான்றிதழே போதும், அதற்கு முன் 65,000 எதற்கு? குறுகிய காலப் பயிற்சி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். அப்ரண்டிஸ் முடித்து, ஒரு தொழில் கைக்கு வந்த பிறகு, கம்ப்யூட்டரால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் அல்லது பைப் வெல்டிங் என்று ஒன்றைக் குறிவைத்து, உண்மையான இயந்திரத்தில் நேரம் தருகிற இடத்துக்குப் போனால் நல்ல பலன் உண்டு. டிப்ளமோ வேண்டும் என்று ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரும் வழியும் இருக்கிறது. அதெல்லாம் அப்புறம்.

தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். படித்த இடத்தின் மேல் பெரும்பங்கு, என் போன்று கையெழுத்துப் போட்டவர்கள் மேல் அடுத்த பங்கு. ஃபிட்டர் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே அப்ரண்டிஸ் எடுக்காமல் கணக்குக் காட்டும் தொழிற்சாலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கும் கொஞ்சம் உண்டு. மூன்றாம் மாதத்திலேயே தனக்கு எதுவும் வரவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வயதில், அக்கா காசு கட்டிப் படிக்க வைக்கும்போது, அதைச் சொல்ல எந்தப் பையனுக்கு வாய் வரும்? இதை ஒரு விசாரணையாக ஆக்கிவிடாதீர்கள், அம்மா.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒரு வார்த்தை. ஐடிஐயில் சேர்க்கும் முன் பட்டறைக்குள் போய்க் கழிவுத் தொட்டியைப் பாருங்கள். இரும்புத் தூள், சுருள் சுருளாகக் கடைசல் சீவல், உடைந்த பிளேடு, தப்பாக அறுத்துத் தூக்கிப் போட்ட துண்டுகள் கிடந்தால் அங்கே பையன்கள் வேலை செய்கிறார்கள். தொட்டி சுத்தமாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். வைஸ் எத்தனை, பையன்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பயிற்றுநரிடம் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று சும்மா பேச்சுக் கொடுங்கள். தனியாரில் நல்லவையும் உண்டு, அரசில் தூங்குபவையும் உண்டு. இருந்தாலும் தமிழ்நாட்டில் முதலில் அரசு ஐடிஐயைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண்களுக்குப் புதுமைப் பெண். 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடியில் புதுப்பித்து ரோபோ, சிஎன்சி எல்லாம் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். அந்த இயந்திரங்களை உறை போட்டு மூடி வைக்காமல் பையன்களிடம் கொடுக்கிறார்களா என்பதையும் போய்ப் பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். அப்ரண்டிஸ் இடம் கிடைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். அதுவரை அவன் வீட்டில் படுத்துக் கிடக்க வேண்டாம். 250 மில்லிமீட்டர் தட்டை அரம் ஒன்று, முரட்டுப் பல் உள்ளது. மென்பல் அரம் ஒன்று. ஹேக்ஸா, ஒரு மூலைமட்டம், ஒரு 150 மில்லிமீட்டர் வெர்னியர். இவ்வளவு வாங்கிக் கொடுங்கள், ஐந்தாறு ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். வைஸ் வாங்க வேண்டாம். பக்கத்தில் எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு வைஸ் இருக்கும், காலையில் கடை திறந்ததும் கூட்டிப் பெருக்கி உதவி செய்தால் ஒரு மணி நேரம் நிற்க விடுவார்கள். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், துறைமுகப் பக்கம் படகு இன்ஜின் பார்க்கும் பட்டறைகள் இருக்கின்றன. தெரிந்தவர் யாராவது இருந்தால் அங்கே விடுங்கள், ஒரு மாதத்தில் ஐடிஐ இரண்டு வருடம் காட்டாததைக் காட்டிவிடுவார்கள். வாய் மட்டும் கொஞ்சம் கெட்டதாக இருக்கும்.

பழைய இரும்புக் கடையில் எடைக்கு ஒரு பட்டைத் துண்டு வாங்கி அதிலிருந்து 50 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். நாலு பக்கமும் அரத்தால். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடையில் ஒளி தெரியக் கூடாது. முதல் துண்டு கோணலாக வரும். இரண்டாவதில் நடு மேடாகிவிடும், அரத்தைத் தொட்டில் மாதிரி ஆட்டுவதால் வருவது அது, எல்லோருக்கும் வரும். மூன்றாவது சதுரமாக வந்துவிடும், ஆனால் அளவு குறைந்து 48 ஆகியிருக்கும். ஐந்தாவதோ ஆறாவதோ சரியாக வரும். அப்போது வெர்னியரும் தானாகவே கைக்கு வந்திருக்கும், ஏனென்றால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அளந்திருப்பான். எல்லாத் துண்டுகளிலும் தேதி குத்தி வைக்கச் சொல்லுங்கள், கோணலையும் சேர்த்து.

அடுத்த நேர்முகத்தில் தெரியாததைக் கேட்டால், “இது நான் செஞ்சதில்ல சார், ஒரு தடவ காட்டினா செய்வேன்” என்று சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பையன்களை நான் எடுத்திருக்கிறேன். குத்துமதிப்பாக அடித்து விட்டவர்களை எடுத்ததில்லை. அதோடு, அந்தத் துண்டுகளைப் பையிலிருந்து எடுத்து வரிசையாக மேசையில் வைக்கட்டும். முதல் கோணல் துண்டையும் கடைசித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் எந்த ஃபோர்மேனும் உடனே அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட மாட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வரை அவற்றில் எண்ணெய் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஒரு வாரம் போதும், செவசெவவென்று துரு பிடித்துவிடும்.